பழைய ஆலயத்தில் ஓர் ஆராய்ச்சிசாலை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நியூன்ஹாம் பெண்கள் கலாசாலை 1871-ல் ஐந்தே மாணவிகளுடன் ஒரு வாடகை வீட்டில் துவங்கியது. அங்கே விஞ்ஞானம் கற்க விரும்பியோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. சரித்திரத்தையும் இலக்கியத்தையும் புத்தகத்தைக் கொண்டே ஒருவாறு கற்றுவிடலாம். ரசாயனத்தையும் தாவர சாஸ்திரத்தையும் அப்படிக் கற்க முடியுமா? திராவகமும் பூதக்கண்ணாடியும் கைக்குக் கிடைக்க வேண்டுமே! சர்வகலாசாலையின் ஆராய்ச்சிசாலைகளில் பெண்களுக்கு இடம் தருவதும் மறுப்பதும் அந்தந்தப் பேராசிரியரின் விருப்பமாக இருந்தது.

1881-ல் பரீட்சை எழுத முறைப்படி அனுமதி கிடைத்தது. எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் கிடையாது. தேறிய பெண்களின் பெயர்களும் தனி ஜாபிதாவில்தான் வெளிவந்தன.

ஆகவே, தங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சிசாலையைப் பெண்கள் ஏற்படுத்திக் கொண்டனர். உபயோகமின்றிக் கிடந்த ஒரு கிறிஸ்தவ ஆலயம் வாங்கப்பட்டு, 1884-ல் ஆராய்ச்சிசாலையாகத் திறக்கப்பட்டது. 1882-ல் ஆல்ப்ஸ் மலையேறும்போது உயிரிழந்த இளம் விஞ்ஞானி பிரான்ஸிஸ் பால்பரின் பெயரை அதற்கு இட்டனர். அவருடைய சகோதரி எலினார் சிட்ஜ்விக் அம்மையார் நியூன்ஹாமின் தூண்களில் ஒருவர். பக்கத்துக் கர்ட்டன் கலாசாலை மாணவிகளும் இங்கே வந்து கற்றனர்.

அதே 1884-ல் நியூன்ஹாமில் சேர்ந்தவர் எடித் ஸாண்டர்ஸ். படிப்பு முடிந்ததும் இந்த ஆராய்ச்சிசாலையிலேயே கற்பிக்கலானார். 1899 முதல் அதன் தலைமையும் அவருடையதே. பிஸ்குடெல்லா என்னும் மலைச்செடியில் ரோமமுள்ள இலையுடையதும் உண்டு, வழவழப்பான இலையுடையதும் உண்டு. இரண்டையும் கலந்து வளர்த்தால் இடைப்பட்ட குணம் நிலைக்கவில்லை, செடிகள் ஏதாவது ஒரு பக்கமே சார்கின்றன என்பதை அவர் கண்டு 1897-ல் வெளியிட்டார். மெண்டலின் விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வருவதற்கு மூன்றாண்டு முன்னர்! பிறகு பேட்ஸனுடன் சேர்ந்து அவர் செய்த சோதனைகள் பாரம்பரிய சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமாயின.

அந்த 1897-ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் சைக்கிளேறிய பெண்ணின் பொம்மையொன்றைத் தெருவில் தொங்கவிட்டனர். படித்தவர்கள் செய்கிற காரியமா இது? தீர்மானமும் தோற்றது. 1921-லும் பெண்களைச் சரிநிகர் அங்கத்தினராக ஏற்க மறுத்தனர். கிடைத்தது பெயரளவுப் பட்டமே.

சர்வகலாசாலையின் கதவுகள் மெல்லத் திறந்ததும் பழைய ஆலயத்துக்கு வேலையில்லாது போயிற்று. 1914-ல் அது மூடப்பட்டது. முழுப் பட்டவுரிமை 1948-ல் வந்தது. எடித் அம்மையார் 1945-லேயே காலமாகிவிட்டார்.