சிறு காமிரா கற்பித்த பாடம்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். அப்பழமொழியின் உண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு காமிரா. மூடிய நிலையில் அதன் நீளம் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 100 கிராமைத் தொடாது. கப்பலில் பணியாற்றிய என் தாய்மாமன் வாங்கி வந்து, பிறகு பெட்டியடியில் மறந்துவிட்ட ‘மைனாக்ஸ் பி’ என்னும் ஜெர்மன் கருவி அது. திருப்பதியில் பயிலும் நான் விடுமுறைக்குச் சித்தூர் சென்றபோது என் கைக்கு வந்தது. கைப்பேசியில் நாளுக்கு நூறு படம் எடுக்கும் இக்காலத்தில் இப்பழங்கருவி எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மைனாக்ஸைப் படைத்தவர் வால்டர் ஸாப் (1905–2003). எங்கும் எப்போதும் உடன்கொண்டு செல்லத்தக்க ஒரு காமிரா வேண்டும் என்பதே அவர் கனவு. 1936இல் முதல் மாதிரியைச் செய்தார். 1938இல் லாட்வியா நாட்டு ரீகா நகரத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. போருக்குப் பின் அத்தொழில் ஜெர்மனிக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் உளவாளிகள் இரகசியத் தாள்களைப் படியெடுக்க இதைப் பயன்படுத்தியதால், ‘ஒற்றர் காமிரா’ என்ற பெயரே உலகில் நிலைத்துவிட்டது. இவ்வினத்தில் வேறு கருவிகளும் உண்டு. ஜப்பானிய ‘மினோல்டா 16’ வகை 16 மில்லிமீட்டர் பிலிமில் 10×14 மி.மீ. படம் எடுக்கும். கோடாக் நிறுவனம் 1972இல் அறிமுகப்படுத்திய 110 பிலிமின் படம் 13×17 மி.மீ.

மைனாக்ஸின் நெகடிவோ 8×11 மி.மீ. மட்டுமே, சுண்டுவிரல் நகத்தளவு என்று சொல்லலாம். சாதாரண 35 மி.மீ. காமிராவின் நெகடிவ் 24×36 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் மைனாக்ஸ் படம் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதை அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்க 11 மடங்கு விரிக்க வேண்டும். அப்போது, கண்ணுக்குத் தெரியாத தூசியும் படத்தில் கடுகளவு புள்ளியாக நிற்கும். கை சிறிது நடுங்கினாலும் அந்நடுக்கம் பதினோரு மடங்காகும். ஆகவே சிறிய கருவிக்குப் பெரிய கவனம் வேண்டும்.

இதை அறியாமல் நான் செய்த பிழையைக் கேளுங்கள். முதல் பிலிமில் என் ஆயாவை, அதாவது தாயைப் பெற்ற பாட்டியை, மாந்தோப்பில் நிறுத்திப் படம் எடுத்தேன். நடுப்பகல், சித்திரை வெயில். தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டேன். 100 வேகப் பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/100 விநாடி என்று எங்கோ படித்ததை நம்பி அப்படியே வைத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஆயாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டு மட்டுமே இருந்தது. நெகடிவில் கருமை என்பது படத்தில் வெறும் வெண்மை அன்றோ! “வெயில் என்னைத் தின்னுட்டுதா?” என்று ஆயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வயது எண்பத்தாறு.

பிழை எங்கே? நான் படித்த விதி, லென்ஸின் துளையை f/16 என்னும் சிறிய அளவில் வைப்பவர்களுக்கு உரியது. மைனாக்ஸிலோ துளையைச் சுருக்கவே இயலாது, எப்போதும் f/3.5 தான். 16ஐ 3.5ஆல் வகுத்து, வந்த ஈவை அதனாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 21 வரும். அத்தனை மடங்கு ஒளி மிகுதியாகப் புகுந்துவிட்டது! 100 வேகப் பிலிமுக்கு அவ்வெயிலில் 1/2000 விநாடி தேவை; இக்கருவியின் உச்ச வேகமோ 1/1000. எனவே 50 வேகப் பிலிமே ஏற்றது. வேகம் குறைந்த பிலிமில் மணிகளும் நுண்மையாக இருப்பதால், பெரிதாக்கும்போதும் படம் தெளிவாக நிற்கும். ஒரே மருந்தில் இரு நோய் தீர்ந்தது.

அடுத்த பாடம் தொலைவு. இக்கருவியின் காட்சித்துளையில் பார்த்தால் எல்லாம் தெளிவாகவே தோன்றும். எத்தனை தொலைவு என்பதை நாமே அறிந்து வைக்க வேண்டும். 4 மீட்டருக்கு வைத்தால் சுமார் இரண்டரை மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை தெளிவு கிடைக்கும்; அங்கே பிழை பொறுக்கப்படும். 60 சென்டிமீட்டரிலோ முன்னும் பின்னும் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் இடமில்லை. எனவே திருப்பதி கோவிந்தராசர் கோயில் வீதியில் மாலைதோறும் நடந்து, எதிரே தோன்றும் தூணையும் கடையையும் கண்ணால் மதிப்பிட்டு, பின் அடியளந்து சரிபார்த்தேன். ஒரு திங்களில் கண் திருந்தியது. சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலை எடுத்த படங்களில் வளைவுகள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தன.

பிலிம் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் 35 மி.மீ. பிலிமை இருட்டில் நீளவாக்கில் நறுக்கி, ஓரத்துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியிலிருந்து இரண்டு பட்டைகள் எடுத்துக்கொள்கிறேன். கழுவும் மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கோடையில் குழாய்நீர் கொதிக்கிறது. மண்பானைத் தண்ணீரே கைகொடுத்தது. குளித்து ஈரம் படிந்த அறையில் பிலிமை உலரவிட்டால் தூசி பறக்காது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். திருமலைக் கோயிலுக்குள் காமிரா கொண்டு செல்லத் தடை உண்டு. உள்ளங்கைக்குள் மறையும் கருவி இருக்கும்போது ஆசை எழாமல் இராது. ஆயினும் நான் அதைக் கீழே அறையிலேயே வைத்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். பிறர் அறியாமல் படம் எடுக்க முடியும் என்பதற்காகவே எடுத்துவிடுதல் கலை ஆகாது.

இரண்டாம் பிலிமோடு ஆயாவிடம் சென்றேன். இம்முறை காலை வெயில், திண்ணை நிழல். மைனாக்ஸுடன் ஒரு மெல்லிய சங்கிலி வரும். அண்மையில் உள்ள பொருளைப் படம் எடுக்க அளக்கும் கயிறு அது. முழு நீளம் 60 சென்டிமீட்டர். ஒற்றர்கள் தாள்களை அளந்த அச்சங்கிலியின் முனையை ஆயாவின் கையில் கொடுத்து, முகவாய்க்கு நேரே பிடிக்கச் சொன்னேன். “ஏண்டா, ரவிக்கைக்கா அளவெடுக்கிற?” என்றார். அவர் கையை இறக்கிய கணத்தில், அந்தச் சிரிப்பு மறையுமுன் விசையை அழுத்தினேன்.

அதற்கடுத்த தை மாதம் ஆயா காலமானார். கைப்பேசிகளில் அவருடைய படங்கள் பல உள்ளன. எல்லாம் கூட்டத்தில் ஒருவராய், எங்கோ பார்ப்பவராய் இருக்கின்றன. ஒரு கை நீளத்துக்குள் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும் படம், அந்த நகத்தளவு நெகடிவில் உள்ளது ஒன்றுதான். எங்கள் கூடத்தில் இன்று தொங்குவதும் அதுவே.

நண்பர்களே, பழங்கருவி எதற்கு என்று கேட்டீர்கள். அளக்காமல் எடுக்க அது விடுவதில்லை. அளப்பதற்கு அருகே செல்லத்தானே வேண்டும்!