கருவின் இதயவொலி

தாயின் வயிற்றில் சிசுவின் இதயவொலியை முதன்முறை கேட்குங்கால் இல்லத்தார் மெய்சிலிர்ப்பர். அவ்வொலி உரைப்பது யாது, உரையாதது யாது எனச் சிந்திப்போம்.

1818-இல் ஜெனீவா மருத்துவர் மேயர் தாயின் வயிற்றில் செவி வைத்து அதனைக் கேட்டார். 1821-இல் பாரிஸில் கெர்காரடெக் என்பார், கருப்பையில் நீர் அலையும் ஓசையை நாடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கடிகார ஓசை போன்றதொரு துடிப்பு கேட்டது. தாயின் நாடியோடு ஒப்பிட்டு எண்ணினார். அது ஏறக்குறைய இருமடங்கு விரைவு. ஆகவே அது வேறோர் இதயமெனத் தெளிந்தார்.

ஆலையில் உழைத்த நாம் இதனை எளிதில் உணர்வோம். இயந்திரத்தின் உட்பழுதை அறிய இரும்புக் கோலின் ஒரு முனையை அதன்மேல் ஊன்றி, மறுமுனையில் செவி வைப்பதுண்டு. மருத்துவச்சியின் பினார்ட் குழலும் அத்தகையதே. அதில் ஐந்தாம் திங்களளவில் ஒலி கேட்கும். டாப்ளர் கருவியில் மூன்றாம் திங்களிலேயே கேட்கும். நிமிடத்திற்கு 110 முதல் 160 துடிப்பு இயல்பு.

விரைந்து துடித்தால் பெண், மெல்லத் துடித்தால் ஆண் என்பார் உளர். அது பொய். கரு வளருங்கால் வேகம் தணியும், அசையுங்கால் மிகும். இப்பொய்யை நம்பி மருமகளின் மனத்தை வாட்டுதல் கொடுமையன்றோ? கருவின் பாலை ஆராய்ந்து வெளியிடுதலை 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. அவ்வொலி ஆண், பெண் என்றோ, உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்றோ சொல்லாது; ஓருயிர் உளது என்றே சொல்லும்.

அதனைக் கேட்டோர் தாய்க்கு நல்லுணவும் ஓய்வும் அளித்தல் கடன். பின்னர் சிசுவின் அசைவு குறையுமாயின், முன்பு ஒலி கேட்டோமே என்று வாளாவிராது, அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.