கொச்சியில் ஒரு நாள்

கேள்வி: 6 வயது மகள், 11 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியாருடன் கொச்சி வொண்டர்லா போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: கிளம்பும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். 2000-ல் வீகாலாண்ட் என்ற பெயரில் திறந்த அந்தப் பூங்காவில் வயதைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. டிக்கெட் விலையும் அதை வைத்துத்தான். ராட்டினங்களில் உயரம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இருவர் அமரும் ராட்டினத்தில் ஒரே தடுப்புக் கம்பி என்றால், அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மடிக்கு மேல் ஒரு கை நுழைகிற இடைவெளி இருக்கும். வாயிற்காப்பாளரிடம் "ஒரே ஒரு தடவை சார்" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மகன் ஏற முடியாதவை எவை என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் அழுகை மிச்சம்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடை வேண்டும். பருத்தி நனைந்தால் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். பூங்காவில் வாங்கினால் விலை கூடுதல். உங்கள் ஊர்க் கடையிலேயே எடுத்துவிடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது வெயில் உறைக்காது, இரவில்தான் தோள் எரியும். முழுக்கை நல்லது.

மாமியாரைப் பைகளுக்குக் காவல் வைத்துவிடாதீர்கள்! அதற்கு லாக்கர் இருக்கிறது. மகளுக்கான சின்ன ராட்டினங்கள் பக்கம் நிழலில் உட்காரவையுங்கள். பேத்தி ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைப்பாள். கூட்டம் சேரும் சனி, ஞாயிறு மட்டும் போக வேண்டாம்.