கண் மருத்துவப் பாடம்: மாலைக்கண்ணும் ஒரு சிறு எதிர்ப்பொருளும்



உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பிள்ளை வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்தால், "மாலைக்கண்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாலைக்கண்ணுக்குக் காரணம் ஒன்றல்ல. முக்கியமான இரண்டை இப்பாடத்தில் பார்ப்போம்.

நம் விழித்திரையில் சுமார் 12 கோடி கோல் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை இவையே. இவற்றின் வெளிநுனியில் ரோடாப்சின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் சேர்ந்தால்தான் அது ஒளியை உணரும்.

முதல் காரணம், வைட்டமின் ஏ குறைவு. காலத்தில் கண்டறிந்தால் மருந்தினால் குணமாகும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் இக்குறை வராமல் காக்கும்.

இரண்டாவது, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. இதில் மரபணுக் குறையால் கோல் செல்களே மடிகின்றன. சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சென்னையிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்தார்கள். நகரில் 930 பேருக்கு ஒருவர், கிராமத்தில் 372 பேருக்கு ஒருவர் என இந்நோய் இருந்ததாக 2008-ல் வெளியிட்டார்கள். நெருங்கிய உறவில் மணம் முடிப்பது இதன் வாய்ப்பைக் கூட்டுகிறது.

செல்லுக்குள் நடக்கும் கேட்டை எப்படிக் காண்பது? இங்கேதான் எதிர்ப்பொருள் உதவுகிறது. 1980-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மோல்டே குழுவினர், சுண்டெலியின் செல்களைக் கொண்டு 1டி4 என்ற எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். ரோடாப்சினில் 348 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் கடைசி ஒன்பதை மட்டும் அடையாளம் கண்டு இது பற்றிக்கொள்ளும். ரேஷன் கடை வரிசையில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் அவர் மட்டும் முன்வருவதைப் போல! ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்த்தால், அப்புரதம் இருக்கும் இடம் நுண்ணோக்கியில் மின்னும்.

நல்ல கண்ணில் கோல் செல்லின் வெளிநுனி மட்டுமே மின்னும். நோயாளிகள் மரித்தபின் தானமாகக் கிடைத்த கண்களை அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய எதிர்ப்பொருள்களால் பார்த்தபோது, ரோடாப்சின் செல் முழுவதும் சிதறிக் கிடந்தது. இதை 1995-ல் அறிவித்தார்கள். புரதம் தன் இடத்தைவிட்டு விலகுவது நோயின் ஓர் அடையாளம் என்று இவ்வாறு தெரிந்தது.

இந்த எதிர்ப்பொருள் மருந்தல்ல. ஆய்வுக்கூடத்தில் மட்டுமே பயன்படுவது. ஆயினும் விழித்திரையைப் பற்றி இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த அறிவே சிகிச்சைக்கு வழி திறக்கிறது. ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவின் குறைக்கு 2017-ல் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை அங்கீகாரம் பெற்றது. மற்ற பல மரபணுக் குறைகளுக்கு ஆராய்ச்சி தொடர்கிறது.

நினைவில் கொள்வோம்:

1. இருட்டில் தடுமாறும் பிள்ளையை உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் வைட்டமின் குறைவானால் பார்வையைக் காப்பாற்றலாம்.

2. திருமணம் தடைப்படுமே என்று பரம்பரை நோயை மறைக்காதீர்கள்.

3. பார்வை இழந்தவரும் கண்தானம் செய்ய விரும்பலாம். அந்தக் கண் ஆராய்ச்சிக்கு உதவும். இனி வரும் பிள்ளைகளுக்காகப் பேசும்.