ஐரோப்பாவில் ஆள் தேவை: முதலில் உங்கள் சான்றிதழைப் பாருங்கள்

போச்சம்பள்ளி சிப்காட்டிலும் பர்கூர், ஓசூர் ஆலைகளிலும் ஒப்பந்த வேலையில் இருக்கும் பலரும் கேட்கும் கேள்வி, ‘ஜெர்மனியில் ஆள் பற்றாக்குறையாமே, போகலாமா?’ என்பதுதான். பற்றாக்குறை உண்மை. அங்கே ஓய்வுபெறுவோர் அதிகம், அவர்கள் இடத்துக்கு வரும் இளையவர்கள் குறைவு. திறன் பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது.

ஆனால் எல்லாத் துறைக்கும் இது பொருந்தாது. செவிலியருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அலையும் அதே நாட்டில்தான், 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் முடிவு செய்திருக்கிறது. ஸ்கூட்டர் அசெம்ப்ளி லைனில் நின்ற அனுபவம் மட்டும் அங்கே செல்லாது. முறையாகப் படித்த தொழிலும் அதற்கான சான்றும் வேண்டும்.

உங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழில் பயிற்சிக் காலத்தைப் பாருங்கள். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள், வெல்டர் ஓராண்டுதான். 2024 ஜூனில் வந்த ‘சான்சன்கார்ட்டே’ (அங்கே தங்கி வேலை தேட ஓராண்டு அனுமதி) புள்ளி முறைக்கு இரண்டாண்டுப் பயிற்சியாவது தேவை. இதைச் சொல்லாமலே பணம் வாங்கும் முகவர்கள் உண்டு.

புள்ளிக் கணக்கு எளிது. 27 வயது ஃபிட்டர் என்றால் வயதுக்கு 2. கடந்த ஐந்தாண்டில் அதே தொழிலில் இரண்டாண்டு வேலை செய்திருந்தால் 2. ஜெர்மன் மொழியில் பி1 (அன்றாட உரையாடல் நிலை) தேறினால் 2. தேவையான ஆறு வந்துவிட்டது. இதோடு செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும்: 2025 நிலவரப்படி மாதம் 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092. இது கட்டணம் அல்ல; உங்கள் பெயரிலேயே முடக்கி வைத்து, மாதாமாதம் நீங்களே எடுக்கும் தொகை. இங்கிருந்தே வேலை ஒப்பந்தம் கிடைத்தால் வேறு விசா வழிகள் உண்டு. அவை இதைவிடச் சிக்கனமானவை.

அனுபவத்தை நிரூபிப்பதில்தான் நம் பக்கத்துத் தொழிலாளர்கள் தடுமாறுகிறார்கள். உழைத்தது பெரிய ஆலையில், சம்பளம் போட்டது கான்ட்ராக்டர். ஆலையின் பெயரில் போலிக் கடிதம் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் விசா போகும். கான்ட்ராக்டரிடமே உங்கள் பணியைக் குறிப்பிட்ட சான்று கேளுங்கள். சம்பளச் சீட்டுகளையும் பி.எஃப். பணிக்காலப் பதிவையும் இப்போதே எடுத்து வையுங்கள். வேலையை விட்ட பிறகு இவற்றைத் திரட்டுவது பெரும்பாடு.

சுற்றுலா விசாவில் போலந்து போய் வேலைக்கு மாறலாம் என்று முகவர்கள் யாராவது சொன்னால், அதுவும் பொய். அந்த விசா 180 நாளில் 90 நாள் தங்குவதற்கு மட்டுமே. வேலை செய்ய அனுமதி கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஐந்து லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

மாந்தோப்பை அடமானம் வைக்கும் அவசரம் எதுவும் இப்போது இல்லை. முதல் செலவு மொழிக்கு ஆகட்டும். ஷிஃப்ட் வேலையை விடாமல், ஏ1 (தொடக்க நிலை) வகுப்பில் சேருங்கள். அது முடியும்போது இந்த மொழி உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் இழந்தது வகுப்புக் கட்டணம் மட்டும்தான்.