ஆத்தங்குடித் தரைக்கு அக்காவின் கைப்பக்குவம்

காரைக்குடிப் பக்கம் உன் மாமனாரோட பூர்வீக வீட்டைச் சரிபண்ணப் போறீங்களாமே, சந்தோஷம் தங்கச்சி! ஆனா, "மெஷின் வெச்சு இழைச்சுட்டா தரை பளபளன்னு ஆயிடும்"னு யாராவது சொன்னா தலையாட்டிடாதே. ஆத்தங்குடிக் கல் சூளையில சுட்டது இல்ல. கண்ணாடி மேல அச்சு வெச்சு வண்ணச் சிமென்ட்டை ஊத்தி, தண்ணியில ஊறவெச்சு எடுக்கிறது. பூ இருக்கிறது மேல சில மில்லிமீட்டர்தான். இழைக்க இழைக்க அதுவும் தேஞ்சு போயிடும்.

எந்தக் கல்? செட்டிநாட்டு வீடுகள்ல இங்கிலாந்து, ஜப்பான்ல இருந்து வந்த சுட்ட டைல்ஸும் உண்டு. உடைஞ்ச துண்டைப் பக்கவாட்டுல பாரு. மேல வண்ணமும் கீழ சாம்பல் சிமென்ட்டும் தெரிஞ்சா நம்ம ஊர்க் கல்.

ஆசிட் கூடவே கூடாது. வினிகர், எலுமிச்சை, புளியும் அப்படித்தான். புளிப்பு பட்டா சிமென்ட் அரிச்சுடும், நிறம் வெளுத்துடும்.

கழுவறது: முதல்ல பெருக்கி மண் துகளை எடுத்துடு, இல்லேன்னா தேய்க்கும்போது கீறும். வெறும் தண்ணியால தரையை நனைச்சுட்டு, காரமில்லாத சோப்புத் தண்ணியை ஊத்தி நைலான் பிரஷ்ஷால தேய். கல்லு முதல்லயே தண்ணி குடிச்சிருந்தா அழுக்குத் தண்ணியை உறிஞ்சாது. காயறதுக்குள்ள துடைச்சிடணும். பெயின்ட் துளியைப் பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டு, இரும்பு வேண்டாம்.

வெள்ளையா உப்பு பூத்திருந்தா அடியில ஈரம் இருக்குன்னு அர்த்தம். முற்றத்துத் தூம்பு அடைச்சிருக்கா, குழாய் கசியுதான்னு முதல்ல பாரு. ஈரம் வத்தின பிறகு காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு. அதுவரைக்கும் எண்ணெயோ சீலரோ தடவாதே. ஈரம் உள்ளேயே சிக்கிக்கும்.

ஆடுற கல்: சுத்தியல் பிடியால மெதுவா தட்டு. 'டொக்கு'ன்னு சத்தம் வந்தா அடி விட்டிருக்கு. எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, சாக்பீஸால நம்பர் போடு. சுண்ணாம்புக் காரைன்னா கல் சுலபமா வரும். சிமென்ட் கலவைன்னா கொத்தனாரை நிதானமா ஓரத்தைக் கீறச் சொல்லு.

உடைஞ்ச இடத்துக்கு: பீரோவுக்கு அடியில இருக்கிற நல்ல கல்லை முற்றத்தைச் சுத்தின வளவுக்குக் கொண்டு வா, புதுக் கல் பீரோ அடிக்குப் போகட்டும். பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நிற வித்தியாசம் பளிச்சுனு தெரியும். ஆத்தங்குடியில ஆர்டர் கொடுக்கும்போது பழைய கல்லையே மாதிரிக்குக் கொடு. நீள அகலத்தோட கனத்தையும் அளக்கச் சொல்லு, இல்லேன்னா தரை மட்டமா வராது.

கடைசியா எண்ணெய்: தரை நல்லா காஞ்ச பிறகு, துணியில கொஞ்சமா தேங்கா எண்ணெய் தொட்டுத் தேய்ச்சு, மிச்சத்தை ஒத்தி எடுத்துடு. நிறைய ஊத்தினா வழுக்கும், தூசியும் ஒட்டும். அப்புறம் நடக்க நடக்கத் தானா மெருகேறும்.

ஆர்டர்லயே சில கல்லைக் கூடுதலா வாங்கி, எந்தக் கட்டுக்குரியதுன்னு பின்னாடி எழுதிப் பத்தாயத்துப் பக்கம் அடுக்கி வை. அடுத்த தலைமுறைக்கு அச்சைத் தேடி அலையற வேலை மிச்சம்!