கருவி வளர்க்கும் கூட்டறிவு

நுழையும்முன்

உழவுக் கருவிகள் ஒருவர் கையில் பிறந்து பலர் கையில் வளர்பவை. ஒரு கருவியின் வடிவமும் அளவும் அனைவருக்கும் பொதுவாகும்போது அவ்வளர்ச்சி எவ்வாறு நிகழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கல்லுப்பட்டியில் ஒரு சிந்தனை

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் 1940ஆம் ஆண்டு வேங்கடாசலபதி காந்திநிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதிக்காலத்தில் இங்குத் தங்கிப் பணியாற்றினார். 1934இல் தொடங்கப்பெற்ற அனைத்திந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வழிநடத்திய அவர், கிராமத்திலேயே செய்யவும் பழுதுபார்க்கவும் இயலும் கருவிகளை வலியுறுத்தினார். அது கைகூட வேண்டுமெனில், உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கருவியின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். அமைப்பு மறைக்கப்பட்டால் கருவி ஊருக்கு வந்தாலும் சார்புநிலை நீங்காது.

அளவே பொதுமொழி

இவ்வுண்மையைத் திருந்திய நெல் சாகுபடியில் காணலாம். இம்முறையில் 14 நாள் நாற்றுகள் 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடப்படுகின்றன. மார்க்கர் கருவியால் வயலில் கோடிட்டு நடுகின்றனர். பின்னர், பற்கள் பொருத்திய இரு கூம்புருளைகளைக் கொண்ட கோனோவீடரை நெடுக்கிலும் குறுக்கிலும் உருட்டிக் களையை மண்ணில் அமிழ்த்துகின்றனர். கோட்டின் இடைவெளியும் உருளையின் அகலமும் பொருந்தாவிடில் களையோடு பயிரும் சிதையும். எனவே நடுபவர், களையெடுப்பவர், கொல்லர், பொறியாளர் ஆகிய நால்வரையும் ஓர் அளவே இணைக்கிறது.

ஆயினும், எல்லா நிலத்துக்கும் ஒரே கருவி ஒத்துவராது. களிமண் உருளையில் ஒட்டும். எடை மிகுந்தால் தள்ளுவோர் விரைவில் களைப்புறுவர். களையெடுப்போருள் பெரும்பான்மையோர் பெண்கள். பிடியின் உயரம் குறித்தும் எடை குறித்தும் அவர்கள் கூறும் குறைகள் வரைபடத்தைச் சென்றடைய வேண்டும். கருவியை மட்டும் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம். வரைபடத்தையும் பெற்றவர் அதனைத் திருத்தலாம்.

பகிர்வும் பெயரும்

பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1970களில் தன் கதிரடிப்பு இயந்திரம் முதலியவற்றின் வரைபடங்களைச் சிறு பட்டறைகளுக்குக் கட்டணமின்றி வழங்கியது. இன்று பிரான்சில் ‘உழவர் பட்டறை’ என்னும் பொருளுடைய பெயர்கொண்ட கூட்டுறவு அமைப்பொன்று, உழவர்களோடு சேர்ந்து உருவாக்கும் கருவிகளின் வரைபடங்களை இணையத்தில் வெளியிடுகிறது.

பகிர்வுக்கு ஓர் அறமும் உண்டு. பேராசிரியர் அனில் குப்தா 1980களின் இறுதியில் தேனீ வலையமைப்பைத் தொடங்கினார். தேனீ மலருக்குக் குறைசெய்யாமல் தேனெடுத்து, மலர்களை மகரந்தத்தால் இணைக்கிறது. அதுபோல, உழவரின் கண்டுபிடிப்பை அவர் பெயரோடு பதிவுசெய்து, அவர்தம் மொழியிலேயே திருப்பியளிப்பது இவ்வமைப்பின் நெறி. மதுரையிலுள்ள சேவா நிறுவனம் ‘நம் வழி வேளாண்மை’ இதழின்வழி இந்நெறியைத் தமிழில் பின்பற்றியது.

பெயர் மறைக்கப்பட்ட கொல்லர் அடுத்த திருத்தத்தைச் சொல்லத் தயங்குவார். அத்தயக்கத்தால் இழப்பு ஊருக்கே. வரைபடம் பொதுவாகவும் உழைத்தவர் பெயர் நிலைக்கவும் செய்யும் இடத்தில்தான் கூட்டறிவு தழைக்கும்.